ஏணிக் கணக்கு

காலேஜில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் இர்ஃபானாவுக்கு நன்றாக வந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் நின்றபடியே தூங்குவது. மேல்கம்பியில் கையை மாட்டிக்கொண்டு, தோள்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மன்னார்குடியிலிருந்து வடுவூர் வரை ஒரு தூக்கம். வடுவூரில் கூட்டம் ஏறி இடிக்கும்போது ஒரு விழிப்பு. அங்கிருந்து தஞ்சாவூர் வரை இன்னொரு தூக்கம். இதற்குப் பரீட்சை வைத்திருந்தால் யூனிவர்சிட்டியிலேயே முதலாவதாக வந்திருப்பாள். அவர்கள் வைத்ததென்னவோ மெக்கானிக்ஸும் கணக்கும் டிராயிங்கும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. கூத்தாநல்லூரில் அவர்கள் தெருவில் ஆம்பிளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். மீதிப் பேர் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இர்ஃபானாவின் அத்தா காதர் மைதீன் பதினைந்து வருஷமாகக் குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். தொண்ணூறில் சண்டை வந்தபோது போட்டிருந்த சட்டையோடு ஊர் வந்து சேர்ந்து, சண்டை ஓய்ந்ததும் அதே கடைக்குத் திரும்பிப் போனவர். அண்ணன் ஷஹ்பாஸ் சிங்கப்பூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு அறையும் மொசைக் தரையுமாக அத்தா கட்டிய வீட்டில் மிச்சம் இருந்தது இர்ஃபானாவும் அவள் அம்மா ஹலீமாவும்தான்.

அந்தத் தெருவிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண் இர்ஃபானா. காலேஜோ தஞ்சாவூரையும் தாண்டி வல்லம் போகிற வழியில் இருந்தது. தினம் போய்த் தினம் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. அந்தப் பேச்சைப் பேசியது யார் என்பதுதான் துலங்கவில்லை. ஹாஸ்டல் என்று வாயெடுத்தால், "உங்கத்தா ஒத்துக்க மாட்டாங்க" என்பாள் ஹலீமா. மாதம் ஒருமுறை வருகிற போனில் அத்தாவிடம் கேட்டால், "உங்கம்மாவுக்கு இஷ்டமில்லையேம்மா" என்பார். ஒருவர் மேல் ஒருவர் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சௌகரியமாக இருந்தார்கள். நடுவில் கிடந்து அல்லாடியது இவள்தான்.

காலை நாலு மணிக்கு எழ வேண்டும். ஹலீமா மூன்றரைக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குக் கையில் டார்ச்சோடு கூடவே வந்து ஏற்றிவிட்டுப் போவாள். மன்னார்குடியில் ஒரு மாற்றம், தஞ்சாவூரில் ஒரு மாற்றம், எட்டே முக்காலுக்கு முதல் மணி. திரும்பி வர ஏழரை, மழை பிடித்துக்கொண்டால் எட்டரை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கண் சொருகிவிடும். பஸ்ஸில் படிக்கலாம் என்றால் வயிற்றைப் புரட்டியது. ப்ளஸ் டூவில் கணக்குக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கிய பெண், தமிழில் படித்துவிட்டு வந்த பெண், இப்போது கரும்பலகையில் ஓடுகிற இங்கிலீஷைப் பிடிப்பதற்குள் சார் அதை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ஒருநாள் டிராயிங் ஹாலில், போர்டின் மேல் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது தாள் எச்சிலில் நனைந்திருந்தது. பென்சில் கரி கன்னத்தில் ஒட்டியிருந்தது. எதிரே சார் நின்றார். "இவ்வளவு கஷ்டப்படணுமாம்மா, வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்றார். அவர் அதை இரக்கமாகத்தான் சொன்னார். அதுதான் அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலாம்.

பக்கத்து போர்டு மலர்க்கொடி தன் துப்பட்டாவால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள் அவள். அவளுடைய அப்பா ரெத்தினம் நேற்றுவரை ஊரார் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர், இந்த வருஷம்தான் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் எடுத்திருந்தார். வீட்டில் பாயில் படுத்தே வளர்ந்ததால் மலர்க்கொடிக்குக் கட்டிலில் தூக்கம் வராது. ஹாஸ்டலிலும் தரையில்தான் படுப்பாள்.

"என் ரூம்ல ஒரு கட்டில் காலியா கெடக்குடி" என்றாள் மலர்க்கொடி. "அந்தப் புள்ளைக்கு மெடிக்கல் சீட்டு கெடச்சுப் போயிட்டா. பொங்கல் லீவு வரைக்கும்தான் வார்டன் விட்டு வைப்பாங்க. அதுக்கப்புறம் சீனியர் யாருக்காச்சும் குடுத்துருவாங்க. நீ வந்துடேன்."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய் அந்தக் கட்டிலைப் பார்த்தாள் இர்ஃபானா. வெறும் இரும்புக் கட்டில். அதன்மேல் யாரோ பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து வகுப்புக்கு ஐந்து நிமிஷ நடை. வாளியைக் கீழே இறக்கிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து வரவே மனம் வரவில்லை. இந்தக் கட்டில் கிடைத்தால் படித்துவிடலாம், கிடைக்காவிட்டால் இந்த வருஷத்தோடு சரி என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றிரவு சாப்பாட்டின்போது மறுபடி கேட்டாள். ஹலீமா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்கத்தா ஒத்துக்க மாட்டாங்க."

அந்த வீட்டில் கடிதம் எழுதுகிற பழக்கம் இல்லை. எல்லாம் கேசட்தான். அத்தா குவைத்திலிருந்து பேசி அனுப்புவார். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில் இவர்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஊர் வருகிறவரும் போகிறவரும் சுமந்துபோய்ச் சுமந்து வருவார்கள். ஏ பக்கம் ஹலீமாவுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் தெருவில் யாருக்குக் குழந்தை, யார் வீட்டில் கல்யாணம், எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதெல்லாம் அதில் ஏறும். பி பக்கம் இர்ஃபானாவுக்கு. மூன்று மாதமாக அவள் அதில் ஒரே பொய்யைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்: "காலேஜ் நல்லா இருக்குத்தா. பாடமெல்லாம் நல்லாப் புரியுதுத்தா."

இந்த கேசட் பழக்கத்திலிருந்துதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடத்தை வாய்விட்டுப் படித்துப் பழைய கேசட்டுகளில் பதிந்துகொண்டாள். வாரநாளில் அதை வாக்மேனில் போட்டு பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போனாள். கண்ணுக்கு முடியாததைக் காதாவது செய்யட்டும் என்று. பாதி நாள் காதும் சேர்ந்து தூங்கிவிடும். இருந்தாலும் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல் இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மெக்கானிக்ஸ் தேர்வு. அடுத்த வீட்டு அஹமது கபீர் லீவு முடிந்து அன்று சாயங்காலம் குவைத்துக்குக் கிளம்புகிறார். ஏ பக்கத்தைப் பேசி முடித்த ஹலீமா, கேசட்டைத் திருப்பிப் போட்டு டேப்ரெக்கார்டரை மகளிடம் தள்ளினாள். "கபீர் அசர் தொழுகை முடிஞ்சு வருவாங்க. அத்தாவுக்கு உன் பங்கைப் பேசிடு புள்ள" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

இர்ஃபானா வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். வெளியே மழை. தலைக்குள் மறுநாள் தேர்வைத் தவிர எதுவும் இல்லை. பழக்க தோஷத்தில் பதிவு செய்கிற இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி, புத்தகத்தைத் திறந்து, பாடத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சுவரில் ஒரு ஏணி சாய்ந்திருக்கிறது. ஒரு ஆள் அதில் ஏறுகிறான். எந்தப் படியில் கால் வைக்கும்போது ஏணி வழுக்கும். "எ லேடர் ரெஸ்ட்ஸ் அகைன்ஸ்ட் எ வால்" என்று இரண்டு முறை, மூன்று முறை, குரல் இழுத்துக்கொண்டு நாலாவது முறை. ஏணி வழுக்குவதற்கு முன்பே அவள் வழுக்கித் தூக்கத்தில் விழுந்துவிட்டாள். துப்பட்டா சரிந்து ரெக்கார்டரை மூடியது.

எழுந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. ரெக்கார்டரின் வயிறு திறந்து கிடந்தது.

"கேசட் எங்கம்மா?"

"கபீர் வந்தாங்க, குடுத்தனுப்பிட்டேன். முறுக்கு, மிளகாத்தூள் எல்லாம் போயாச்சு. நீ பேசிட்டுத்தான தூங்குன?"

இர்ஃபானா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அத்தா அரை மணி நேரம் ஏணிக் கணக்கைக் கேட்கப் போகிறார். போகட்டும், பொய்யைக் கேட்பதற்கு இது மேல் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் தேர்வில் ஏணிதான் வந்தது. ஐம்பதுக்கு ஒன்பது மார்க்.

டிசம்பர் பாதியில் பதில் கேசட் வந்தது. ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தால் குவைத்தில் அத்தாவின் அறையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கம். இங்கேயும் அம்மாவும் மகளும் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, குளிரைப் பற்றிச் சொல்லி, அத்தா விஷயத்துக்கு வந்தார்.

"இர்ஃபானா, உன் பாடத்தைக் கேட்டேம்மா. ரூம்ல இருக்கிற ஆறு பேரும் கேட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல. கேரளாக்காரர் ஒருத்தர் டிப்ளமோ படிச்சவர், அவர்தான் சொன்னார், ஒரு ஆள் ஏணியில ஏறுறான், எப்ப வழுக்கும்னு கேக்குறாங்கன்னு. அதுக்குள்ள நீ தூங்கிட்டே. ஏணி வழுக்குச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் இங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க." சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "ஒரே வரிய அத்தனை தடவை படிச்சியேம்மா. வந்த முதல் வருஷம் நானும் அரிசி மூட்டை மேல அப்படித்தான் விழுந்து கெடந்தேன். நீ ஹாஸ்டல்ல சேந்துக்க. ஹலீமா, தடுக்காத. மறுபக்கத்தை நான் அழிக்கல, அப்படியே வெச்சிருக்கேன்."

ஹலீமா எட்டிப் பட்டென்று நிறுத்தினாள். "தூங்குற மாதிரி நடிச்சு உங்கத்தாவுக்கு அனுப்பிச்சியாக்கும்" என்றாள்.

"இல்லம்மா, நெசமாவே தூங்கிட்டேன்."

"ஆமா, நம்பிட்டேன்." எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாப்பாடு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகத் தட்டில் விழுந்தது.

மறுநாள் மன்னார்குடியில் பஸ் மாறி உட்கார இடம் கிடைத்ததும், இர்ஃபானா அந்த கேசட்டை வாக்மேனில் போட்டு பி பக்கத்தை ஓடவிட்டாள். தன் குரலைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. பிறகு குரல் நின்று, மழையும் மின்விசிறியும் தன் மூச்சும் கேட்டன. அணைக்கப் போனாள். அப்போது காலடிச் சத்தம். ரெக்கார்டர் ஓடுவது தெரியாமல் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்கிறாள்.

"புஸ்தகத்தைத் தலைக்கு வெச்சுக்கிட்டுத் தூங்குது பாரு." மழைச் சத்தம். "உங்கத்தா ஒண்ணும் சொல்லலடி. அவங்க அன்னிக்கே சரின்னுட்டாங்க. நான்தான் வேணாம்னேன். அவங்க போனாங்க, ஷஹ்பாஸ் போனான். நீயும் போயிட்டா இந்த ஆறு ரூமுக்கும் நான் ஒருத்தி. மூணரை மணிக்கு எந்திரிச்சு யாருக்கு ஆக்குவேன்." மறுபடி மழை. "முடியல, படிச்சது போதும்னு நீயே சொல்லிடமாட்டியான்னு தெனமும் நெனைக்கிறேன். பெத்தவ நெனைக்கிற நெனைப்பா இது. அல்லாஹ்தான் மன்னிக்கணும்."

துணி உரசுகிற சத்தம். பிறகு கேசட் முடிந்து, பொத்தான் மேலே எழும்பியது.

இர்ஃபானாவுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை மாதம் அத்தாவின் தலையில் பழியைப் போட்டு, தினம் ஆறு மணி நேரம் தன்னை ரோட்டில் போட்டு ஆட்டிவிட்டு, அதுவும் தோற்றுப் போகட்டும் என்று காத்திருந்தாளா. ஆனால் அந்தக் கோபம் வடுவூர் வரைகூடத் தாங்கவில்லை. கோபத்துக்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அது வடிந்த பிறகு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக வீடு திரும்புகிற அம்மாதான் கண்ணில் நின்றாள். பஸ் புறப்பட்டதும் அவள் எந்த வேகத்தில் நடந்து போவாள் என்று இர்ஃபானா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அத்தா இதையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் சேர்ந்துகொள் என்றிருக்கிறார். அது சரியா தப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சம்பா வயல்கள் தண்ணீரில் நின்றன, பார்க்கப் பிடிக்கவில்லை.

காலேஜுக்குப் போனதும் மலர்க்கொடியிடம் சொன்னாள்: "எனக்கு அந்தக் கட்டில் வேணாம். யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லு."

"கிறுக்காடி உனக்கு? லீவுக்கு இன்னும் நாள் இருக்கு, நான் சொல்லமாட்டேன்" என்று மலர்க்கொடி போய்விட்டாள்.

அன்று இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் அத்தாவின் பெரிய குவைத் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சுடிதார்கள், தொழுகைப் பாய், இரண்டு போர்வை, துணியால் வாய் கட்டிய ஊறுகாய் பாட்டில். ஹலீமா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போகலம்மா" என்றாள் இர்ஃபானா.

"ஏன்?"

கேட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான்."

ஹலீமா உறையை உதறினாள். "காலையில பஸ் வர்ற வரைக்கும் என் தோள்ல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்குன. பஸ் வந்து நின்னது உனக்குத் தெரியல. கண்டக்டர் எறங்கி வந்து, பாத்து ஏத்துங்கம்மான்னு சொல்லிட்டுப் போறான். போன மாசம் தச்ச சுடிதார், தோளு ரெண்டு பக்கமும் தொங்குது. நானும் கண்ணை மூடிக்கிட்டே எத்தனை நாள் பாக்குறது. போ."

"நீங்க தனியா..."

"எனக்கென்ன. நாலு பக்கமும் வீடு இருக்கு. மூணரைக்கு எந்திரிக்காம நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள் ஹலீமா. பொய் சொல்வதில் தாயும் மகளும் ஒரே பள்ளிக்கூடம். இர்ஃபானா தன் பாட கேசட்டுகளையும் அத்தாவின் கேசட்டையும் அலமாரியில் அடுக்கினாள். ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்கலாம், இவை தேவைப்படாது.

ஹாஸ்டலில் முதல் வாரம் அவள் செய்தது தூங்கியது மட்டும்தான். மெஸ் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. குளியலறைக்கு வரிசை. பக்கத்து அறையில் சத்தம். ஆனாலும் தூங்கினாள். தினமும் விடிகாலை நாலு மணிக்கு மட்டும் விழிப்பு தானாக வந்தது. எழ வேண்டாம் என்று தெரிந்த பிறகும் கண்ணை மூட முடியாது. கீழே பாயில் மலர்க்கொடி சுருண்டு கிடப்பாள். அம்மா இந்நேரம் எழுந்திருப்பாளா, எழுந்து என்ன செய்வாள் என்று இர்ஃபானா விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பாள். இரண்டாம் தேர்வில் ஐம்பதுக்கு இருபத்தேழு வந்தது. தெருவுக்கு மிட்டாய் கொடுக்கிற மார்க் இல்லை. ஆனால் பாஸ்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனாள். ஞாயிறு காலை வழக்கம்போல நாலு மணிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா இல்லை. அடுப்படியில் விளக்கெரிந்தது. அங்கிருந்து யாரோ இங்கிலீஷ் பேசுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தாள். ஹலீமா அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில் ரெக்கார்டர். அதில் இர்ஃபானா கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். அக்டோபர் மாதத்து இர்ஃபானா, மூக்கடைத்த குரலில், தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றி.

"என்னம்மா இது?"

"எந்திரிச்சுப் பழகிடுச்சு. வீடு சத்தமில்லாம கெடக்கு. இது பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கட்டும்னு போட்டேன்" என்றாள் ஹலீமா. "எல்லாத்தையும் மூணு மூணு தடவை கேட்டாச்சு. ஒண்ணும் புரியல. எந்த எடத்துல இருமுவே, எந்த எடத்துல கொட்டாவி விடுவேன்னு மட்டும் தெரியும்."

எல்லாத்தையும் என்றால் அத்தாவின் கேசட்டையும்தான். இர்ஃபானா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஹலீமா வெங்காயத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேல்தட்டிலிருந்து அந்த கேசட்டை எடுத்தாள். பி பக்கம் மேலே தெரியும்படி நீட்டினாள்.

"அத்தா ரூம்ல ஏணிக்காகக் காத்திருக்காங்களாம், போன்ல சொன்னாங்க. இதுல முடிச்சு வை."

"புது கேசட் இருக்கேம்மா."

"இதுலயே பேசு. பழசு மேலயே பேசு." மறுபடி அரிவாள்மனை முன் உட்கார்ந்து, "அதுல கெடக்கிறது கெடக்க வேணாம்" என்றாள்.

நான் கேட்டேன் என்று அம்மாவும் சொல்லவில்லை, நீங்கள் கேட்டது தெரியும் என்று இர்ஃபானாவும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பொத்தானையும் அழுத்தினாள். சுவரில் ஏணியைச் சாய்த்தாள். ஆளை ஏற்றினாள். இங்கிலீஷில் ஒரு வரி படித்து, அதையே தமிழில் சொல்லி, படிப்படியாகப் போனாள். குவைத்தில் ஆறு பேருக்கும் புரிய வேண்டுமே. ஹலீமா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். எட்டாவது படியில் ஏணி வழுக்கிற்று.

கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஹலீமா தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரலில் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் தூக்கமோ. படிப்பதை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று இர்ஃபானாவுக்குப் பட்டது. அடுத்த கணக்குக்குப் போனாள். கேசட் முடிந்து பொத்தான் மேலே எழும்பியது. அவள் அதைத் திருப்பவில்லை. பொழுது நன்றாக விடிகிற வரைக்கும் அப்படியே படித்துக்கொண்டிருந்தாள்.